எடைக்கு எடை புத்தகம்

முன்னேற்றப் புத்தகம் படித்தவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவற்றைத் தராசில் ஏற்றி எடை பார்த்தவன் நான் ஒருவன்தான்.

போன மாசம் எங்கள் வியாபாரிகள் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம் போட்டு என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். மாலை, சால்வை எல்லாம் ஆன பிறகு கண்ணாடி போட்ட ஒருவன் மைக்கை நீட்டினான். "அண்ணா, நீங்க இவ்ளோ மேல வந்தீங்களே, உங்களுக்குப் புடிச்ச புக்குங்க இன்னான்னு சொல்லுங்க. சொந்த வளர்ச்சிக்கு ரெண்டு, வியாபார வளர்ச்சிக்கு ரெண்டு சொன்னாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மூன்றாம் வகுப்பு வாத்தியாரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காதவன். புத்தூர் மண்டியில் மாங்காய்க் கூடை தூக்க வந்து, அதே மண்டியை விலைக்கு வாங்கியவன். திருப்பதியில், மலையேறும் படி தொடங்குகிற அலிபிரிக்குப் போகிற சாலையில் நான் கட்டிய லாட்ஜின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரன் மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்புவான். இதில் எந்தப் புத்தகத்துக்கும் பங்கு கிடையாது. தமிழும் தெலுங்கும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதவும் எழுதுவேன். பிழை திருத்த ஆள் வைத்திருக்கிறேன். அது போதும்.

ஆனால் அந்தப் புத்தகங்களில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்வேன். ஏனென்றால் அவையெல்லாம் என் கண் முன்னால் நடந்தன. நடத்திக் காட்டியவர் என் அக்கா புருஷன். மேடையில் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த சால்வைக்காரர் காத்திருக்கிறார் என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமா நல்ல கனமான ஆள். நடந்து வந்தால் முதலில் சட்டைப் பொத்தான் வரும், பிறகு அவர் வருவார். எந்நேரமும் கையில் ஒரு புத்தகம். அதற்குள் ஒரு விரல். காப்பி குடிக்கும்போதும் அந்த விரலை எடுக்க மாட்டார். புத்தகம் படிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. படிப்பார்கள், மூடிவைப்பார்கள், மறந்துவிடுவார்கள். இவர் அப்படியில்லை. படித்ததைச் செய்துவிடுவார். அன்றைக்கே செய்வார். எதிரே யார் இருந்தாலும் செய்வார்.

ஒரு புத்தகத்தில், பேசும்போது எதிராளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, மனசு ஒட்டும் என்று போட்டிருந்ததாம். எந்தச் சீமையில் எழுதியதோ, அங்கே ஒட்டியிருக்கலாம். இவர் அதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் விருந்து. பந்தியில் எங்கள் நைனாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நைனா அவருக்கு மாமனார். முறுக்கின மீசை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவரைப் பெற்றவள்தான். அவளும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"முனிரத்தினம், கொழம்பு நல்லாக்கீதா?" என்றார் மாமா, சிரித்த முகத்தோடு.

நைனா கையிலெடுத்த சோற்றை இலையில் வைத்தார். முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது முனிரத்தினம் வந்திருக்கிறானோ என்று.

"யாரைக் கூப்ட்ற நீ?"

"உங்களைத்தான், முனிரத்தினம்."

அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஐயையோ, இந்த ஆளுக்கு இன்னா வந்துச்சு!"

நைனா என்னைப் பார்த்தார். "டேய், மாப்பிள்ளைக்கு ஜொரம் கீதா, நெத்தியத் தொட்டுப் பாரு."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அதே புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் பாராட்டைப் பற்றி. "கோவத்துலகூட உங்க மொகத்துல ஒரு களை கீது, முனிரத்தினம்" என்றார் மாமா. நைனா எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஒரு வருஷம் நைனா அவரோடு நேராகப் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். "அந்த ஆளை கொஞ்சம் தள்ளிக் குந்தச் சொல்லு" என்று நைனா என்னிடம் சொல்வார். மனசு அந்த அளவுக்கு ஒட்டியது.

இன்னொரு புத்தகம், முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகு என்றது. நாராயணவனம் கோயிலில் பட்டர் தீர்த்தம் கொடுக்க வந்தார். மாமா கை நீட்டவில்லை. "வேணாங்க, நன்றி" என்றார் நிமிர்ந்து. பட்டர் உத்தரணியோடு அப்படியே நின்றார். அவருடைய காலத்தில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. அக்கா பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டு, மாமா பங்குக்கும் சேர்த்துத் தானே இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

கண் விழித்தவுடன் தன் லட்சியம் கண்ணில் பட வேண்டும் என்று ஒன்று சொன்னது. படுக்கைக்கு மேலே மச்சில் 'நான் கோடீஸ்வரன்' என்று தெலுங்கில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதிவிட்டார். வாடகை வீடு. ஒழுகுகிறது என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார், படித்தார், போனார். அந்த மாசமே வாடகை ஏறியது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஆதியில் இப்படி இருந்தவர் இல்லை.

சித்தூரில் தகர டப்பா செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். மாம்பழக் கூழ் அடைக்கிற டப்பா. காலையில் சைக்கிள், சாயந்திரம் சைக்கிள், மாசம் பிறந்தால் சம்பளம். தினசரிப் பேப்பரைத் தவிர ஒன்றையும் படித்தவர் இல்லை. அப்புறம்தான் நாட்டுக் கதவையெல்லாம் திறந்துவிட்டார்களே, வெளிநாட்டு மிஷின் வந்து இறங்கியது. கூழைப் பையில் அடைத்துப் பீப்பாயில் போட்டுக் கப்பலேற்ற ஆரம்பித்தார்கள். டப்பாவுக்கு வேலையில்லை. மண்டிக்காரனான எனக்கு அதில் ஆதாயம். வெளிநாட்டுக்குப் போகிற கூழுக்கு மாங்காய் கொடுத்தே நான் லாட்ஜ் கட்ட மனை வாங்கினேன். மாமாவின் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது.

அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். குளி என்றால் குளிப்பார். மறுபடியும் அதே சுவர். நான் போய், "மாமா, நம்ம மண்டிக்கு வாங்கோ, கணக்குப் பாருங்கோ" என்று கூப்பிட்டேன். "சரி மச்சான்" என்பார். எழுந்திருக்க மாட்டார்.

அக்கா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ஒரு நாள் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு அலிபிரிக்குப் போனாள். படிக்குப் படி குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே மலை ஏறினாள். புருஷனுக்காக அப்படி ஏறுகிற பெண்கள் உண்டு. ஆனால் அவளுக்கு முழங்கால் வியாதி. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. பையில் லட்டு இருந்தது, கூடவே இறங்கி வந்து அடிவாரத்துக் கடையில் வாங்கின ஒரு சாமி புத்தகம். அக்காவுக்கு எழுத்து வாசனை கிடையாது. "இதுவும் பிரசாதம்தான். குளிச்சிட்டு தெனம் படிங்க. சாமி வழி காட்டுவாரு" என்று அவர் கையில் வைத்தாள்.

அவர் படித்தார். குளித்து, ஈர வேட்டியோடு, விளக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மண்டலம் படித்தார். நான் ஒரு தடவை போயிருந்தபோது பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. மண்டலம் முடிந்ததும் சுவரை விட்டு எழுந்தார். எழுந்தவர் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு முன்னேற்றப் புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். அப்புறம் இன்னொன்று. தெலுங்கு, இங்கிலீஷ், தமிழ் என்று வீடு முழுக்கப் புத்தகம். "சாமி வழி காட்டினாரு, ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கமா காட்டிட்டாரு" என்று அக்கா என்னிடம் சொல்லி மாய்ந்தாள்.

சித்தூரில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று நான்தான் அவர்களைத் திருப்பதிக்குக் கூட்டி வந்தேன். என் லாட்ஜின் கீழே, வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் எஸ்.டி.டி. பூத் வைத்துக் கொடுத்தேன். கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண் ஓடுகிற மீட்டர், ஒரு ஸ்டூல். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிப் பேர் குவைத்தில் இருந்தார்கள். பெண்டாட்டிகள் போன் பேச வரிசையில் நிற்பார்கள். காசைக் கல்லாவில் போடுகிற வேலைதான். நான் போட்ட கணக்கு தப்பாது.

மாமா விஷயத்தில் தப்பியது. கூண்டைச் சுற்றிப் புத்தகத்தை அடுக்கினார். உள்ளே வருகிறவர்களைப் பார்த்து, "உங்க வாழ்க்கையோட நோக்கம் இன்னா?" என்று கேட்டார். அவர்கள் பக்கத்துப் பூத்துக்குப் போனார்கள். மீட்டர் தூங்கியது. மாமா படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயந்திரம் நாங்கள் மூன்று பேரும் லாட்ஜ் மாடியில் நின்றிருந்தோம். எதிரே ஏழு மலையும் தெரிந்தது. கீழே பூத் காலி. அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம், மலையைப் பார்த்துக் கைகளைத் தூக்கிவிட்டாள்.

"ஏடுகொண்டலவாடா! இந்த ஆளுக்கு ஒரு தொழில் நின்னு, நாலு பேரு இவரைத் தேடிக்கினு வந்தாங்கன்னா, இவரோட எடைக்கு எடை துலாபாரம் குடுக்கிறேன். வெல்லம் இல்ல, சக்கரை இல்ல. இந்தப் புஸ்தகத்தையே குடுத்துடறேன்!"

மாமாவின் விரல் புத்தகத்திலிருந்து நழுவியது. "அடியே, வாயைக் கழுவு. வாபஸ் வாங்கு."

"சாமிகிட்ட சொன்னதை வாபஸ் வாங்குவாங்களா?" என்றாள் அக்கா. அவளே கொஞ்சம் பயந்துதான் போயிருந்தாள்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. நடக்கிற காரியமா என்று நினைத்தேன். சாமி நினைத்தது வேறு.

மாமா அந்தச் சமயத்தில் படித்துக்கொண்டிருந்த புத்தகம், வாடிக்கையாளரின் குறையைக் காது கொடுத்துக் கேள் என்பது. பூத்தில் குறைக்கு என்ன பஞ்சம்? நாராயணவனத்துப் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளை வந்தாள். குவைத்தில் டிரைவராக இருக்கிற புருஷனுக்குப் போன் போட்டாள். கூண்டே அதிரக் கத்தினாள். "உங்கம்மா இன்னா சொன்னா தெரியுமா? கெணறு வத்திடுச்சி தெரியுமா? மாடு செத்துது தெரியுமா?" அந்தப் பக்கம் வைத்துவிட்டான். அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

"ஏமைந்தம்மா? இன்னா ஆச்சு?" என்று கேட்டார் மாமா. அவள் சொன்னதையெல்லாம் மாமா குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் சொன்னார்: "அடுத்த தபா மொதல்ல 'துன்னியா'ன்னு கேளு. அப்பறம் அவன் பேசட்டும், நீ சும்மா கேட்டுக்கினு இரு. மாடு செத்ததை கடைசில சொல்லு. செத்த மாடு எங்கயும் ஓடிப் போவாது."

அடுத்த வாரம் அவள் வந்தாள், 'துன்னியா' என்று கேட்டாள். அந்தப் பக்கம் டிரைவர் அழுதுவிட்டானாம். அதற்கடுத்த வாரம் தன் ஊர்ப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். போன் பேசுவதற்கு முன்னால் மாமாவிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டு கூண்டுக்குள் போக ஆரம்பித்தார்கள்.

நான் திட்டினேன். "இன்னா மாமா இது? அரை மணி நேரம் கத்துனாத்தானே மீட்டர் ஓடும். நீங்க அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கச் சொல்லித் தர்றீங்களே, இது வியாபாரமா?"

"அவ அஞ்சு நிமிஷம் பேசுவா மச்சான். வாரத்துக்கு மூணு தபா பேசுவா."

அதுதான் நடந்தது. வரிசை வாசலைத் தாண்டியது. என் லாட்ஜ் யாத்திரிகர்கள் உள்ளே வர வழியில்லாமல் நின்றார்கள். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அவர் சொன்னது சரி. அந்தப் பூத் வைக்க இடம் தேர்ந்தெடுத்தது நான் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் அக்கா காப்பியோடு கீழே வந்து வரிசையைப் பார்த்தாள். "பூத்துக்காரர் கீறாரா?" என்று யாரோ அவளையே கேட்டார்கள். டம்ளரைக் கீழே வைத்தாள். மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவுக்கும் புரிந்துவிட்டது. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். "மச்சான், எடைக்கு எடைன்னுதானே சொன்னா? எந்த எடைன்னு சொல்லல. துலாபாரத்தன்னிக்கு இன்னா எடையோ அதானே?"

"ஆமா."

"என்கிட்ட இருக்கிற மொத்தப் புஸ்தகமும் ஏறக்குறைய என் கனம்தான். நான் ஒரு கிலோ எளைச்சா மூணு புஸ்தகம் மிஞ்சும்."

அன்றிலிருந்து பட்டினி. காலையில் மோர், மத்தியானம் வெள்ளரிக்காய், சாயந்திரம் நடை. உடம்பு இளைக்க ஒரு புத்தகம் வேறு வாங்கினார். "அதுவே கால் கிலோ தேறும் மாமா" என்றேன். முறைத்தார்.

அக்கா விடுவாளா? சாமிக்குச் சேர வேண்டியதை இந்த ஆள் இளைத்து ஏமாற்றுகிறான் என்று அவளுக்கு ஆத்திரம். நெய் தோசை, பருப்புப் பொடி, கோங்கூரா, ஞாயிற்றுக்கிழமை கோழி. பூத் வாசலிலேயே அடுப்பு வைக்காத குறை. வரிசையில் நிற்கிற பொம்பளைகள் எல்லாம் அக்கா கட்சி.

"துன்னுங்க அண்ணே, சாமி காரியம்."

"போனைப் பேசிட்டுப் போம்மா."

"இப்டி வத்திப் போனீங்கன்னா யாரு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க?"

மாமா பாவம், ருசி கண்ட நாக்கு. மோர் குடிப்பார், அப்புறம் வாசனை வந்ததும் ஒரே ஒரு தோசை என்பார். வாரா வாரம் என் மண்டிக்கு வந்து தராசில் ஏறுவார். ஒரு வாரம் ஒரு கிலோ இறங்கும், அடுத்த வாரம் இரண்டு கிலோ ஏறும். முகம் தொங்கிவிடும். எனக்கே பரிதாபமாக இருந்தது. "எந்தப் புஸ்தகம் போனாலும் பரவாயில்லை மச்சான், ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு வேணும்" என்றார் ஒரு நாள். எது என்று கேட்டேன். சொல்லவில்லை.

கடைசியில் வெள்ளரிக்காய் தன் வேலையைக் காட்டியது. மேல் தட்டில் ஏதோ புத்தகத்தை எடுக்க ஸ்டூலில் ஏறியவர், கண் இருட்டி விழுந்தார். இடது கை மணிக்கட்டு முறிந்தது. எங்கள் ஊர்க்காரன் அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவானா? எலும்பு கட்டுகிற புத்தூர் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் இழுத்தார், மாமா கத்தினார், பச்சிலையும் முட்டையும் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். அக்கா தன் பழைய புடவையைக் கிழித்துக் கழுத்தில் தூளி போல் மாட்டிக் கையை அதில் தொங்கவிட்டாள்.

இதற்கு நடுவில் விசாரித்துப் பார்த்தோம். மலையில் துலாபாரத்துக்கு வெல்லம், சர்க்கரை, சில்லறைக் காசு மாதிரியான பொருள்தான், புத்தகம் ஏறாது. மாமாவுக்கு முகமெல்லாம் ஒளி. அந்த ஒளி அணைய அரை நாள்தான் ஆனது. நாராயணவனத்தில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரை அக்கா போய்க் கேட்டாள். "நேந்துக்கினது நேந்துக்கினதுதான். மலை தெரியற எடத்துல தராசைக் கட்டு, எடை போடு, பொருளை மலைக்கு வர்ற ஜனங்களுக்குக் குடு. அது சாமிக்குப் போய்ச் சேரும்" என்றார் அவர்.

மலைக்கு வருகிற ஜனங்கள் என்றால் என் லாட்ஜ்தானே? எடை போட்டு முடிந்த பிறகு அறைக்கு நாலைந்து புத்தகம் போட்டேன். திருப்பதியில் அறைக்கு அறை முன்னேற்றப் புத்தகம் வைத்த முதல் லாட்ஜ் என்னுடையது. தரிசனத்துக்கு வந்தவர்கள் லட்டோடு அதையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு ஒன்றுகூட மிச்சமில்லை. எத்தனை ஊரில் எத்தனை மாமனார்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ தெரியாது.

துலாபாரத்தன்று மண்டியிலிருந்து பெரிய தராசை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து லாட்ஜ் மாடியில் கட்டினேன். நானே கூடை சுமந்த காலத்துத் தராசு; மூட்டை மாங்காய் ஏறுகிற தட்டு. மண்டி ஆட்கள் நாலு பேர், பூத்து வரிசைப் பொம்பளைகள், நைனா எல்லாரும் கூடிவிட்டார்கள். அக்கா வீட்டில் ஒரு தாள் விடாமல் எல்லாப் புத்தகத்தையும் மேலே கொண்டுவரச் சொல்லியிருந்தாள். குவியலைப் பார்த்த நைனா, "இவ்ளோத்தையும் படிச்சிட்டா என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டான்?" என்றார்.

மாமா தலைக்குக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, தூளிக்குள் கையோடு வந்து தட்டில் உட்கார்ந்தார். தட்டு தரையைத் தொட்டது. எதிர்த் தட்டில் அக்கா புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்று ஏறும்போதும் மாமா கண்ணை மூடித் திறந்தார். பெரிய பெரிய புத்தகம் எல்லாம் போனது. அப்புறம் சின்னவை போயின. உடம்பு இளைக்கிற புத்தகமும் போனது. தரையில் ஒன்றுமில்லை. மாமாவின் தட்டு இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தே இருந்தது.

"பத்தல" என்றான் மண்டி ஆள் ஒருவன்.

"கட்டோட கனம்டா அது. முட்டையும் மூங்கிலும் கணக்குல சேருமா?" என்றான் இன்னொருவன்.

"சாமிக்கு ஆளோட எடைதான், கட்டோட எடை இல்ல."

"கட்டும் ஆளோடதானே கீது?"

மாமா தொண்டையைக் கனைத்தார். "பஸ் ஸ்டாண்டுல போய் புதுசா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடலாமே."

அக்கா பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அப்போதே சந்தேகம். முப்பது வருஷம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கூடைக்குள் கல் வைத்தால் வாசனையில் சொல்வேன். பச்சிலைக் கட்டு இவ்வளவு இழுக்காது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவரிடம் போனாள். சந்தேகப்பட்டுப் போகவில்லை. கை தொங்குகிறதே, வலிக்குமே என்று தூளியைத் தூக்கிக் கட்டப் போனாள்.

அவள் கை நின்றது. "உள்ள இன்னாங்க இவ்ளோ கெட்டியா?"

"மூங்கில் பட்டை."

"மூங்கில் பட்டைக்கு அட்டை போட்டிருப்பாங்களா?"

உருவினாள். ஒரு புத்தகம் வந்தது. அது வந்த உடனே மாமாவின் தட்டு மெல்ல மேலே எழுந்தது. முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று எல்லாரும் கத்தினார்கள். அக்கா மட்டும் கத்தவில்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அட்டையில் படிக்கட்டு. மேகத்துக்குள் ஏறிப் போகிற படிக்கட்டு, உச்சியில் ஒரு வெளிச்சம். அந்தப் படத்துப் படி ஒவ்வொன்றிலும் அக்கா வைத்த மஞ்சளும் குங்குமமும் பொட்டுப் பொட்டாக மங்கியிருந்தன.

"இது நான் மலையிலருந்து வாங்கியாந்த சாமி புஸ்தகமாச்சே. இதை எதுக்கு ஒளிச்சி வெச்சீங்க? இது இந்தக் கும்பல்ல சேராதே."

நான் வாங்கிப் பார்த்தேன். தெலுங்கில் பெரிய எழுத்து. கூட்டிக் கூட்டிப் படித்தேன்: வியாபாரத்தில் படிப்படியாக மேலே போவது எப்படி.

"அக்கா, இது சாமி புஸ்தகம் இல்ல. இதுவும் அதுதான்."

"இன்னாடா ஒளர்ற? படிக்கட்டு கீது. மேல ஜோதி கீது பாரு."

"அது ஜோதி இல்லக்கா. காசு."

அவள் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் தட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சிக்கினா ஒரு மண்டலம் ஈரத் துணியோட படிச்சீங்க?"

"நீ படிக்குப் படி குனிஞ்சி ஏறிப் போய் வாங்கியாந்த. கால் வீங்கிக் கெடந்த. 'சாமி இன்னா சொல்றாரு'ன்னு தெனம் கேட்டுக்கினே இருந்த. நான் இன்னான்னு சொல்றது? அதுல இன்னா எழுதியிருக்குதோ அதைச் செஞ்சிட்டா, நீ ஏறினது வீண் போவாதுன்னு நெனச்சேன். செஞ்சேன். அப்பறம் பழகிப் போச்சு."

நைனா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் நேராக அவரைப் பார்த்து, "மாப்ளே" என்றார்.

மாமா நல்ல கையை நீட்டினார். "அதையும் அந்தப் பக்கம் வெச்சிடு. கூடப் போனா சாமிக்குத்தானே."

அக்கா புத்தகத்தை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "நல்லாக்கீதே கதை! பிரசாதத்தை யாராச்சும் திருப்பி சாமிக்குப் படைப்பாங்களா?" என்றாள். "எறங்குங்க மொதல்ல. எறங்கி வந்து துன்னுங்க."

மாடியிலேயே இலை போட்டாள். எத்தனையோ நாள் பட்டினியை அந்த ஒரு இலையில் தீர்த்தார். நெய் தோசை, கோங்கூரா, மறுபடியும் நெய் தோசை. யாரும் எடை போடவில்லை. நடுவில் ஒரு தடவை வாய் நிறையத் தோசையோடு நிமிர்ந்தார்.

"அந்தப் படிக்கட்டு புஸ்தகத்துல கடைசி அத்தியாயம் ஒண்ணு இன்னும் செய்யாம பாக்கி கீது."

"துன்னுட்டுச் செய்ங்க" என்றாள் அக்கா.